கேட்க வந்த நாளில் கண்ணில் படாதவை

கோயிலில் எனக்குக் கேட்கத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். காயாரோகணசுவாமி கோயிலில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நீலாயதாட்சி சன்னிதிக்கு நேராகப் போய் நிற்பேன். ஆனால் வழியில் உள்ள தூண்களில் என்ன செதுக்கியிருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். தீபாராதனைக்கு ஓட வேண்டும், திரை விலகுவதற்குள் கேட்க வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். பரீட்சை, வேலை, வரன், அம்மாவின் முழங்கால் என்று பட்டியல் வருஷத்துக்கு வருஷம் மாறும். அவசரம் மட்டும் மாறாது. குங்குமத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். இவ்வளவுதான் எனக்கும் சிற்பக்கலைக்கும் இருந்த உறவு.

ஒரு கோயிலை நின்று நிதானமாகப் பார்த்தது சிங்கப்பூருக்கு வந்தபிறகு, அதுவும் ஒரு சீனக் கோயிலை. எங்கள் அலுவலகம் செசில் ஸ்திரீட்டில். மத்தியானத்தில் உணவங்காடியில் இடம் பிடிக்க நடக்கிற போராட்டத்துக்கு நான் தயாரில்லை. டப்பாவில் கட்டிக்கொண்டு வந்த சாதத்தை மேசையிலேயே முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் நடக்கப் போவேன். பக்கத்துத் தெருதான் தெலுக் ஆயர். அங்கே இருக்கிறது தியான் ஹொக் கெங். காசு கொடுக்க வேண்டாம், செருப்பைக் கழற்றவும் வேண்டாம். செருப்போடு உள்ளே போனது முதலில் உள்ளங்காலில் கூசத்தான் செய்தது. அப்புறம் அதுவே ஒரு விடுதலையாகிவிட்டது. இது நான் கும்பிட வேண்டிய இடம் இல்லை, இந்தச் சாமியிடம் எனக்குக் கணக்கு வழக்கு எதுவும் இல்லை என்று கால் மனசுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அந்தத் தெருவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி எங்கள் ஊர் அங்கேதான் இருக்கிறது. கோயிலிலிருந்து சில எட்டு நடந்தால் நாகூர் தர்கா. எங்கள் நாகூர் ஆண்டவரின் பெயரில் 1828இலிருந்து 1830க்குள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் எழுப்பியது. அதே வரிசையில், கோயிலுக்கு அந்தப் பக்கம் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் வெறும் கூரைக் கொட்டகையாக ஆரம்பித்ததால் நம்மவர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்றார்கள். இவை எல்லாம் ஏன் ஒரே தெருவில் நெருக்கியடித்து நிற்கின்றன என்பதற்குக் காரணம் எளிது. அன்றைக்கு அந்தத் தெருதான் கடற்கரை. 1880களில் மண்ணைக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். இப்போது கடல் வங்கிக் கட்டடங்களுக்குப் பின்னால் எங்கேயோ போய்விட்டது. அன்று சீனப் பாய்மரக் கப்பலில் வந்தவனும் நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தவனும் இறங்கிய கையோடு தரையில் நெற்றியைத் தேய்த்த இடம் அது. பிழைத்து வந்தவர்களின் தெரு.

ஹொக்கியன் சீனர்கள் 1820களின் தொடக்கத்திலேயே கடலைப் பார்த்து ஒரு சிறிய சன்னிதி வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பவள் மாட்சு, கடலோடிகளின் அம்மன். இப்போதிருக்கும் கோயிலை 1839இல் தொடங்கி 1842இல் முடித்தார்கள். அம்மன் சிலை 1840இல் சீனாவின் புக்கியன் மாநிலத்திலிருந்து கப்பலில் வந்தபோது ஊரே திரண்டு ஊர்வலமாக அழைத்துப் போனதாம். செலவு 30,000 ஸ்பானிய வெள்ளி டாலருக்கும் மேல். முன்னின்று கொடுத்தவர் டான் டோக் செங். சிங்கப்பூர்த் தமிழருக்கு அந்தப் பெயர் காய்ச்சலும் எக்ஸ்ரேயுமாகத்தான் பழக்கம், அவர் பெயரில்தான் அந்தப் பெரிய மருத்துவமனை இருக்கிறது. மலாக்காவில் பிறந்து, காய்கறியும் கோழியும் விற்று மேலே வந்த மனிதர்.

வாசலில் கல் சிங்கங்கள் இரண்டு. ஆணின் காலடியில் பந்து, பெண்ணின் காலடியில் குட்டி. நிலைப்படி முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆவிகள் தாண்ட முடியாமல் இருக்க என்பார்கள். எனக்குத் தெரிந்தது வேறு: படியைத் தாண்டத் தலையைக் குனிந்து காலைப் பார்த்தாக வேண்டும், அதனால் உள்ளே நுழைகிற எவனும் தன்னையறியாமல் வணங்கியபடியேதான் நுழைகிறான். கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் அந்தப் படியில் கற்றுக்கொண்டதை நான் நேரில் பார்த்தேன்.

உள்ளே போனதும் முதல் சில தடவை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிவப்பு, தங்கம், கறுப்பு, பச்சை. எல்லாம் ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரி. ஒரு அங்குலம்கூட சும்மா விடாமல் எதையாவது செதுக்கி, எதையாவது பூசி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்தேன். எங்கள் ஊர்க் கோபுரத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் இப்படித்தான் சொல்லியிருப்பான் என்பது அப்போது உறைக்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இல்லாததால், கிளம்ப அவசரமும் இல்லாததால், ஒரு நாளைக்கு ஒரு மூலை என்று பார்க்க ஆரம்பித்தேன்.

தூண்களிலிருந்து ஆரம்பித்தேன். கருங்கல் தூண், அதைச் சுற்றி மேலேறும் கடல்நாகம். ஒட்டவைத்தது இல்லை, ஒரே கல். நாகத்தின் உடலுக்கும் தூணுக்கும் நடுவே விரலை நுழைக்கலாம் என்கிற அளவுக்குக் குடைந்து எடுத்திருக்கிறான். உளி கொஞ்சம் வழுக்கினால் மாதக்கணக்கான வேலை போய்விடும். தூண், மரம், ஓடு எல்லாம் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவை. செதுக்கியவர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தான். வாசல் இரும்புக் கதவோ கிளாஸ்கோவில் செய்தது. பழைமை பேசும் சிலர் இதைச் சொல்லும்போது முகம் சுளிப்பார்கள். எனக்கென்னவோ அது சரியாகத்தான் பட்டது. துறைமுகத்துக் கோயிலில் துறைமுகத்துச் சரக்கு இருக்காமல் வேறென்ன இருக்கும்?

பிறகு அண்ணாந்து பார்க்கப் பழகினேன். கூரையைத் தாங்கும் மரச்சட்டத்தில் ஆணியே கிடையாது என்பதைக் கோயிலில் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு மரத்தின் நாக்கு இன்னொரு மரத்தின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. தூண் தலையிலிருந்து சின்னச் சின்ன மரக்கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, மேலே போகப் போக அகலமாக விரிந்து, கூரையின் கனத்தை வாங்கித் தூணுக்குக் கடத்துகின்றன. அந்தக் கை ஒவ்வொன்றிலும் ஒரு செதுக்கல்: சிங்கம், மேகம், பூ, பழைய கதைகளிலிருந்து குதிரைமேல் யாரோ. கொஞ்ச நாள் பார்த்தபிறகுதான் புரிந்தது, எது கட்டடம், எது அலங்காரம் என்று பிரித்து எடுக்கவே முடியாது. சிங்கத்தை எடுத்தால் கூரை இறங்கிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு குட்டைத் தூண். உத்தரத்தின் நடுவில் அடுத்த உத்தரத்தைத் தாங்க வைக்கும் சின்ன மரத்துண்டு அது. அதைச் சும்மா ஒரு கட்டையாக விட்டிருக்கலாம், கீழே நிற்கும் யாரும் கேட்கப் போவதில்லை. அவர்களோ அதைப் பூசணிக்காய் போல உருட்டி வரி வரியாகச் செதுக்கி, அடிப்பகுதியை நகங்களாக நீட்டியிருக்கிறார்கள். பறவையொன்று கிளையில் உட்கார்ந்து இறுக்கிப் பிடிப்பதுபோல அந்த நகங்கள் கீழ் உத்தரத்தைக் கவ்வுகின்றன. பாரம் எங்கே இறங்குகிறது, எங்கே பிடிப்பு வேண்டும் என்று எனக்கு யாரும் படம் போட்டுச் சொல்லவில்லை. நகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கூரை முகடு தனி உலகம். இரண்டு முனைகளும் வானத்தைப் பார்த்து வளைந்து, நுனியில் தகைவிலான் குருவியின் வால்போல இரண்டாகப் பிரியும். நடுவில் தீப்பிழம்பு சூழ்ந்த முத்து, அதை இரண்டு பக்கமும் நாகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாகங்களின் செதில், மயிர், பூவின் இதழ் எல்லாம் பீங்கான் துண்டு. புக்கியன் பகுதிக் கொத்தர்களின் கைவேலை இது. பளபளப்பான நிறத்தில் சுட்ட மெல்லிய கிண்ணத்தைக் குறடால் நறுக்கி, கிண்ணத்தின் வளைவு இதழின் வளைவாகும்படி திருப்பி, ஈரச் சுண்ணாம்பில் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். சுண்ணாம்பு இறுகச் சர்க்கரையும் பச்சரிசிப் பசை மாதிரி ஒட்டும் அரிசிக் கூழும் சேர்ப்பதுண்டு. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்துப் பழைய கொத்தர்களும் சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்டுத்தான் கலப்பார்கள். நடுவில் ஒரு பெருங்கடல் கிடந்தாலும் சுவருக்கு இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்காரனுக்கும் தோன்றியிருக்கிறது.

மழை பெய்தால் அந்த நாகம் ஜொலிக்கும். வர்ணம் பூசியிருந்தால் இந்த ஊர் மழைக்கும் வெயிலுக்கும் சில வருஷத்தில் வெளுத்திருக்கும், பீங்கானுக்கு அந்தக் கவலை இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் உத்தரத்தடியில் அந்த ஆட்கள் கண்ணில் பட்டார்கள். கூரைக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு கையையும் உயர்த்தி உத்தரத்தைத் தாங்குகிற மர உருவங்கள். முகம் சீன முகம் இல்லை. இந்தியர்கள் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள், கட்டடத்துக்கு உதவியவர்களுக்குச் செய்த மரியாதை என்றும் சொல்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாட்ஸப்பில் குடும்பக் குழுவில் படம் போட்டேன், “சீனக் கோயிலையே தாங்குறது நம்மாளு” என்று எழுதி. பெரியப்பா உடனே மூன்று கும்பிடு அனுப்பினார்.

அலுவலகத்தில் எதிர் மேசைத் தோழி ஹொக்கியன்காரி. அவளிடமும் படத்தைக் காட்டினேன். அவள் கொஞ்சம் நெளிந்தாள். பிறகு சொன்னாள்: அது அவர்கள் பக்கம் பழைய வழக்கமாம். புக்கியனிலும் தைவானிலும் கோயில் கூரை மூலையை ஓர் அந்நியன் தலையிலோ கையிலோ ஏற்றி வைப்பது தச்சர்களின் குறும்பு. தைவானில் அந்த அந்நியனைப் பார்த்து டச்சுக்காரன் என்பார்களாம். ஊரை ஆள வந்தவன், ஊருக்குப் புதுசாய் வந்தவன், கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தவன் எவனாயிருந்தாலும் சரி, கூரையைத் தூக்குடா என்று நிறுத்திவிடுவது. “கேலிதான். கெட்ட எண்ணம் இல்லை,” என்றாள் அவசரமாக.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கோபம் ஆறியபிறகு எங்கள் பக்கத்துக் கோயில்கள் நினைவுக்கு வந்தன. சோழர் கோயில் விமானங்களில் கூரை விளிம்புக்கு அடியில் வரிசையாகக் குள்ள பூதங்கள் இருக்கும். பூதவரி என்று பெயர். தொந்தியும் துருத்திய கண்ணுமாக, சில ஆடும், சில இளிக்கும். அவற்றைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லித்தான் செய்திருக்கிறார்கள். தாங்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பது எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சிங்கப்பூரின் சாலைகளையும் பெரிய கட்டடங்களையும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளை வைத்துத்தான் கட்டினார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமே அவர்கள் கட்டியது. ஒரு சீனத் தச்சன் தெருவில் இறங்கினால் பாரம் சுமக்கும் இந்தியனைத்தான் பார்த்திருப்பான். பழைய கேலிக்குப் புதிய முகம் கிடைத்துவிட்டது. அது மரியாதையா, கேலியா என்று என்னைக் கேட்டால் இரண்டும் என்பேன். படத்தைக் குழுவிலிருந்து நான் நீக்கவில்லை. பெரியப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லவும் இல்லை.

இப்படியே பார்த்துக்கொண்டு போயிருந்தால் நான் ஒரு நல்ல சுற்றுலா வழிகாட்டி ஆகியிருப்பேன். ஆனால் என் தம்பி கப்பலில் இருக்கிறான். சரக்குக் கப்பலின் இன்ஜின் ரூமில் ஃபிட்டர். 2023 நவம்பரில் செங்கடலில் ஹூத்திக் கிளர்ச்சியாளர்கள் ஹெலிகாப்டரில் இறங்கி ஒரு கப்பலையே ஆளோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் காணொளியை எங்கள் வீட்டில் பார்க்காதவர் இல்லை. அதற்குப் பிறகு அவன் கப்பல் எங்கே இருக்கிறது என்பதுதான் அம்மாவின் காலை, மாலைச் செய்தி. 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் ஒரு சரக்குக் கப்பலை ஏவுகணை தாக்கி மாலுமிகள் மூன்று பேர் செத்துப்போனார்கள். அந்த வாரம் தம்பியிடமிருந்து செய்தி இல்லை. அனுப்பிய குறுஞ்செய்திகளில் ஒற்றை டிக் மட்டும்.

அம்மா நாகப்பட்டினத்துக்காரி. வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி, நாகூர் ஆண்டவருக்குச் சர்க்கரை, நீலாயதாட்சிக்குப் புடவை என்று வேண்டிக்கொண்டு போனில் எனக்கும் ஒப்பித்தாள். எங்கள் கரையில் இது யாருக்கும் விசித்திரம் இல்லை. புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் கோயில் கட்டிக் கொடுத்ததாகத்தான் வேளாங்கண்ணியில் கதை சொல்வார்கள். ஓட்டை விழுந்த கப்பலை மூழ்காமல் காத்தவர் என்றுதான் நாகூராரைக் கொண்டாடுவார்கள். கடலுக்குப் போனவன் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். எந்தச் சாமி என்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் கெடுபிடி பார்ப்பதில்லை.

அன்றைக்கு மத்தியானம் நான் டப்பாவைத் திறக்கவில்லை. நேராகத் தியான் ஹொக் கெங்குக்குப் போனேன். நிலைப்படியைத் தாண்டியது நினைவில்லை. நாகத் தூணும் பூசணித் தூணும் அன்று அங்கே இருந்தனவா என்றுகூட எனக்குத் தெரியாது. பார்த்தது மாட்சுவின் கறுத்த முகத்தை மட்டும்தான். அவளுடைய கதையை அதற்குள் அங்கேயே படித்திருந்தேன். 960ஆம் ஆண்டு மெய்சோ தீவில் மீனவர் ஊரில் பிறந்த லின் வீட்டுப் பெண். அப்பாவும் அண்ணன்மாரும் கடலில் புயலில் சிக்கியபோது, இவள் தறியின் முன்னால் உட்கார்ந்தபடியே மயங்கி, ஆவி வழியாகப் போய் அவர்களைப் பிடித்துக்கொண்டாளாம். மகளுக்கு என்னமோ ஏதோ என்று அம்மா உலுக்கி எழுப்ப, ஒருவர் கை நழுவிவிட்டது. கதையை ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்கிறார்கள். சிலர் நழுவியது அப்பா என்பார்கள், சிலர் அண்ணன் என்பார்கள். அன்று எனக்கு அண்ணன் என்றுதான் ஞாபகம் வந்தது.

செருப்போடு நின்று கும்பிட மனசு வரவில்லை. கழற்றி ஓரமாக வைத்தேன். அங்கே அப்படிச் செய்தவள் நான் ஒருத்திதான்.

பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி, அறுபதுக்கு மேல் இருக்கும், இரண்டு சிவப்பு மரத்துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். பிறைநிலா வடிவம். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குண்டு. ஒன்று தட்டையாகவும் மற்றது குண்டாகவும் விழுந்தால் அம்மன் சரி என்கிறாள். இரண்டும் குண்டுப் பக்கம் மேலே இருந்தால் இல்லை என்கிறாள். இரண்டும் தட்டையாக விழுந்தால் சிரிக்கிறாள். ஆன்ட்டிக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். என் முகத்தைப் பார்த்தவர் எதுவும் கேட்காமல் துண்டுகளை என் கையில் வைத்து, மூடி நெற்றிக்கு உயர்த்து, கேள், போடு என்று செய்து காட்டினார்.

போட்டேன். இரண்டும் தட்டை. ஆன்ட்டி சிரித்தார். “யூ ஆஸ்க் டூ மச்,” என்றார். ஒரு விரலைக் காட்டி, “ஒன் திங்,” என்றார்.

உண்மைதான். தம்பி பத்திரமாக இருக்க வேண்டும், அவன் இந்த வேலையை விட்டுவிட வேண்டும், அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறக் கூடாது, அப்படியே அவனுக்கு ஊரில் ஒரு கல்யாணமும் ஆக வேண்டும். நீலாயதாட்சி சன்னிதியில் திரை விலகும்போது ஓட்டுகிற அதே ரயிலை இங்கேயும் ஓட்டியிருக்கிறேன். இரண்டாம் தடவை ஒன்றே ஒன்றைக் கேட்டேன். ஒன்று தட்டை, ஒன்று குண்டு. ஆன்ட்டி என் முழங்கையைத் தட்டிவிட்டுத் தன் ஊதுபத்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

இதை அற்புதம் என்று எழுத எனக்கு ஆசை இல்லை. தம்பியின் கப்பல் செங்கடல் பக்கமே போகவில்லை. கம்பெனி முன்பே வழியை மாற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அனுப்பிவிட்டது. பயணம் இரண்டு வாரம் வரை நீளும், நடுக்கடலில் சிக்னல் இல்லை, அவ்வளவுதான் விஷயம். நான் மரத்துண்டைப் போட்டபோது அவன் ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே ஏதோ பம்ப்பைக் கழற்றிக்கொண்டு இருந்திருப்பான். வேண்டுதலுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

ஆனாலும் செய்தி வந்த பிறகு கோயிலுக்குப் போனபோது நான் பார்த்த விதம் மாறிவிட்டது. அதுவரை நான் பார்த்தது திறமையை. இந்தக் குடைவு எவ்வளவு கஷ்டம், அந்தப் பிணைப்பு எவ்வளவு நுட்பம் என்று. கேட்க எதுவும் இல்லாதவளுடைய ரசனை அது. குறைசொல்ல முடியாத ரசனைதான், ஆனால் அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் அப்படி ரசிக்கிற நிலையில் இருக்கவில்லை. பாய்மரக் கப்பலின் அடித்தளத்தில் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் நடுவே சுருண்டு கிடந்து, கூட வந்தவனைக் கடலில் வீசியதைப் பார்த்து, இந்தக் கரையில் கால் வைத்தவர்கள். வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. இப்போது கொடுக்க வேண்டிய முறை. முதலில் கூசிய அந்த “அதிகம்” எனக்கு அப்போதுதான் நியாயமாகப் பட்டது. உயிருக்கு ஈடாக அளந்தா கொடுப்பான்?

கோயிலில் 1850ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கட்டிய வரலாறும் கொடுத்தவர் பெயரும் அதில் உண்டு. தலைமகனாக டான் டோக் செங், 3,000 டாலருக்கும் மேல். கீழே இறங்க இறங்கத் தொகை சிறுக்கும். எனக்கு அந்த எழுத்து படிக்க வராது, ஆனால் எங்கள் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைத்துக்கொண்டு “உபயம்” எழுதியிருக்குமே, அதே மனசுதான் என்று பார்த்ததும் தெரிந்தது. அந்த உபயத்தை நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன். 1907இல் சீனப் பேரரசர் குவாங்சு அனுப்பிய பெயர்ப்பலகையும் இங்கே உண்டு. தென்கடலில் அலை அடங்கியிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. அசல் தேசிய அரும்பொருளகத்துக்குப் போய்விட்டது, தொங்குவது பிரதி. பேரரசரின் பலகையைவிட எனக்கு அந்தக் கடைசி வரிசைப் பெயர்கள்தான் முக்கியமாகத் தோன்றின. பூசணித் தூணின் ஒரு நகத்துக்காவது அவர்கள் காசு போயிருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் கடலிலிருந்தே தெரிகிற உயரத்தில் ஒரு செங்கல் கோபுரம் நின்றது. கடலோடிகள் அதைச் சீனக் கோபுரம் என்றார்கள். 1867இல் இடித்துவிட்டார்கள். நான் படித்த பள்ளியில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தக் கோயில் இடிபடாமல் நின்றதில் எனக்கு ஒரு பொறாமை உண்டு. 1973இல் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 1998இலிருந்து 2000 வரை சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துப் பழைய முறையிலேயே பழுதுபார்த்தார்கள். நம் பக்கத்துக் குடமுழுக்கு என்றால் பழைய தூணைத் தேய்க்க மணல்வீச்சு, தரைக்கு வழுக்குகிற கிரானைட், மிச்சத்துக்கு எனாமல் பெயிண்ட் என்று நடந்த கூத்து எல்லாருக்கும் தெரியும். மேற்கொண்டு எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும்.

தம்பியின் கப்பல் போன வருஷம் சிங்கப்பூருக்கு வந்தது. கரைக்கு வரச் சில மணி நேரம் அனுமதி. முஸ்தபா கடையில் அம்மாவுக்குத் தைலம் வாங்க வேண்டும், தேக்காவில் பிரியாணி சாப்பிட வேண்டும் என்று அவனிடமும் ஒரு பட்டியல். நடுவில் இழுத்துக்கொண்டு தெலுக் ஆயருக்குப் போனேன். நிலைப்படியை ஜாக்கிரதையாகத் தாண்டினான். கப்பலில் எல்லாக் கதவுக்கும் இப்படி உயரப் படி இருக்கும் என்று பழகின காலோடு. நாகத் தூணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகக் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

“போல்ட்டே இல்லையாக்கா?”

“ஆணிகூட இல்லடா.”

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “போல்ட்டுப் போட்டு இறுக்கியிருந்தா இத்தனை வருஷம் நின்னுருக்காது. மரம் மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். இறுக்குன எடத்துல வெடிச்சிரும். இது கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்குடுக்குது பாரு,” என்றான். பூசணித் தூணின் நகத்தைக் காட்டினேன். “பேரிங் ஏரியாவ அதிகமாக்கிருக்கான்,” என்றான். எனக்குப் பறவையாகத் தெரிந்தது அவனுக்குப் பேரிங்காகத் தெரிந்தது. இரண்டும் ஒரே நகம்தான்.

உத்தரத்தைத் தாங்குகிற ஆளைக் காட்டிக் கதையையும் சொன்னேன், மரியாதை, கேலி இரண்டையும். “இன்ஜின் ரூம்ல எங்கள மாதிரி,” என்று சொல்லிவிட்டு அடுத்த உத்தரத்துக்குப் போய்விட்டான்.

மார்ச் மாதத்து விஷயத்தை அவனிடம் நான் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் மூன்று நேர்த்திக்கடனையும் தீர்த்துவிட்டாள், நாலாவது ஒன்று இருந்தது தெரிந்தால் அதற்கும் விசா எடுக்கக் கிளம்புவாள். அவன் கூரையில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து உண்டியல் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது பார்த்துவிட்டிருக்கிறான்.

“நீ எப்பக்கா இங்கெல்லாம் கும்பிட ஆரம்பிச்ச? எவ்வளவு போட்ட?”

“சும்மா, பராமரிப்புக்கு. பத்து வெள்ளி,” என்றேன்.

நூறு போட்டிருந்தேன்.